மாத்திடலாம் அண்ணனும் நாலாவது ரெகுலேட்டரும்

படகு இன்ஜினின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் அண்ணன் ஆள்காட்டி விரலின் முட்டியால் அதை இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, உள்ளேயிருந்து யாராவது "யாரது?" என்று கேட்பார்களோ என்பதுபோலக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். யாரும் கேட்க மாட்டார்கள். உடனே நிமிர்ந்து, இன்னும் எதையுமே தொட்டிராத கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, "ரெகுலேட்டர் போச்சு. மாத்திடலாம்" என்பார்.

பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படகுத்துறையில் இருக்கிற அண்ணனின் பட்டறைக்கு வந்த காலத்திலிருந்து தங்கை இதைப் பார்த்துவருகிறாள். இப்போது அவள் மின்பொறியியல் படித்து முடித்து, அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்ற பட்டத்தையும் சுமந்துகொண்டு, ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சங்கடமான மாதங்களில் அதே பட்டறையில் உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருக்கிறாள். இடையில் எத்தனையோ மாறிவிட்டன. இரண்டு தட்டு மட்டும் மாறவில்லை. மூன்றாவது தட்டுக்கு அவசியம் வந்ததே இல்லை.

இதுதான் நாம் பார்க்கவிருக்கும் இனம். மாத்திடலாம்காரர். உலகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோனால் "ஏன் நின்றது?" என்று கேட்கிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பாவம், கேட்டுக்கொண்டே நிற்பார்கள். மாத்திடலாம்காரருக்கு அந்தக் கேள்வியே ஒரு கால விரயம். குற்றப்பத்திரிகை கிடையாது, சாட்சி கிடையாது, வக்கீல் கிடையாது. நேரே தீர்ப்பு. தீர்ப்பும் எப்போதும் தூக்குத்தான்.

இவர்கள் படகுத்துறையில் மட்டும்தான் இருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மின்விசிறி முனகினால் மின்விசிறியை மாற்றுவார்கள், அதுவும் முனகினால் மின்சாரக்காரரை மாற்றுவார்கள், பிள்ளை கணக்கில் தோற்றால் பள்ளியை மாற்றுவார்கள், இருமல் இரண்டு நாளில் நிற்காவிட்டால் டாக்டரை மாற்றுவார்கள், செருப்பு கடித்தால் செருப்பை மாற்றுவார்கள், அதற்குள்ளே இருக்கிற கல்லை யாரும் பார்ப்பதில்லை. நம்முடைய அண்ணன் வீட்டில் ஒரே வருஷத்தில் வாசல் கதவின் பூட்டை மூன்று முறை மாற்றினார். கடைசியில் பார்த்தால் கதவுதான் மழையில் ஊதியிருந்தது. "அப்ப கதவை மாத்திடலாம்" என்றார். அண்ணியின் முகத்தில் ஈ ஆடவில்லை. அடுத்தது எது என்று அவருக்குக் கவலை வந்திருக்க வேண்டும்.

இந்த இனத்துக்கு ஓர் ஆபரணமும் உண்டு. அண்ணனின் இடுப்பில், தோல் உறை ஒன்றில், மின்சாரம் அளக்கிற மீட்டர் தொங்கும். நல்ல மீட்டர். அதன் கண்ணாடியில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. பேச்சுக்கு நடுவே உறையைத் தட்டிக் காட்டுவார், சிலர் மீசையைத் தடவுவதுபோல. அதற்குள்ளே இருந்த பேட்டரி நாலு வருஷத்துக்கு முன்பே வீட்டு வாசல் மணிக்குப் போய்விட்டது. மணி நன்றாக அடிக்கிறது.

சரி, இந்த ரெகுலேட்டர் என்பது என்ன? படகைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம். இன்ஜின் ஓடும்போது அதோடு சேர்ந்து சுற்றுகிற ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பும். இன்ஜின் வேகம் கூடக்கூட அதற்கும் வேகம் வந்துவிடும், கொட்டு கொட்டென்று கொட்டும். அப்போது "போதும்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? எல்லோரும் குரலை உயர்த்துகிற வீட்டில் "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று சொல்லிக்கொண்டு ஓர் ஓரமாக ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான் ரெகுலேட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய உலோகப் பெட்டி. பதினாலு வோல்ட் சொச்சம் வந்ததும் "போதும்" என்று சொல்லிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. வீட்டில் எது நடந்தாலும் பழி யார் தலையில் விழும்? அந்த ஓரத்து ஆள் தலையில்தான்.

அண்ணனின் பட்டறை மூலையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. தண்டனை நிறைவேற்றப்பட்ட ரெகுலேட்டர்கள் எல்லாம் அதில்தான் கிடந்தன.

இனிமேல் கதை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மக்களை இந்தப் பக்கத்துக்கு ஏற்றிவரும் பயணிகள் படகு ஒன்று. அதை வைத்திருப்பவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. துறையில் எல்லோருக்கும் அவர் படகுக்கார அக்கா. வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது, பொறுமை மட்டும் சிறிது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அவருடைய படகில் விளக்குகளெல்லாம் திடீரென்று உற்சாகமடைந்தன. உள்ளே தொங்குகிற விளக்கு, அதன் வெளிச்சத்தில் ஓர் ஆசிரியை விடைத்தாள் திருத்தலாம் என்கிற அளவுக்கு எரிந்தது. ஆசிரியையும் மகிழ்ச்சியாகத் திருத்தினார். நாலாவது தாளில் பல்பு 'டப்' என்றது. அடுத்தது முகப்பு விளக்கு. அதற்கடுத்தது பக்க விளக்குகள், சிவப்பும் பச்சையும், ஒன்றன்பின் ஒன்றாக.

அண்ணன் வந்தார். இரண்டு தட்டு. சாய்வு. "ரெகுலேட்டர் போச்சு."

ஒரு வேளை, அந்த முதல் தடவை, உண்மையிலேயே போயிருக்கலாம். யார் கண்டது? யார் பார்த்தது? மாற்றினார். மாற்றியதோடு நிற்கவில்லை, அதுதான் அண்ணனின் தனிச்சிறப்பு. ரெகுலேட்டர் உட்காருகிற இரும்புத் தாங்கியைத் தேய்த்துக் கழுவி, பளபளவென்று ஆரஞ்சு நிறப் பெயின்ட் அடித்து, அது காய்ந்ததும் புது ரெகுலேட்டரை அதன்மேல் வைத்து போல்ட் முடுக்கினார். அந்த ஆரஞ்சு அவருடைய கையெழுத்து. எந்தப் படகில் எதை மாற்றினாலும் ஓர் ஆரஞ்சுப் பூச்சு இலவசம். "வேலைன்னா ஒரு சுத்தம் வேணும்க்கா" என்பார். மூடியைத் திறந்து பார்க்கிறவர்கள் "அடடா" என்பார்கள். இந்த அடடாவுக்காகவே அவர் பிறந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

பன்னிரண்டு நாள் படகு ஒழுங்காக ஓடியது. பதின்மூன்றாம் நாள் பல்பு 'டப்'.

இரண்டு தட்டு. "இந்த ரெகுலேட்டரும் போச்சு. கம்பெனிக்காரன் ஏமாத்துறான்க்கா. மாத்திடலாம்." மாற்றினார். பழைய ஆரஞ்சின்மேல் புது ஆரஞ்சு. ஒன்பது நாள். டப். மூன்றாவது ரெகுலேட்டர். மூன்றாவது பூச்சு. இந்த முறை பேட்டரியும் களத்தில் இறங்கியது. அளவுக்கு மீறி உள்ளே தள்ளப்பட்ட மின்சாரத்தில் அது கொதித்து, அழுகிய முட்டை வாசனை ஒன்றைப் படகு முழுக்கப் பரப்பியது. வாசனை பேட்டரியிலிருந்து வருகிறது என்று பயணிகளுக்கு எப்படித் தெரியும்? முதல் நாள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் சேர்ந்து, ஓய்வுபெற்ற ஒரு கணக்கரைப் பார்த்தார்கள். ஏன் அவரை? தெரியாது. உட்கார்ந்திருந்த விதமாக இருக்கலாம். அந்த நல்ல மனிதர் மறுபேச்சில்லாமல் எழுந்து, கடைசி வரிசைக்குப் போய், அன்றிலிருந்து அங்கேயே தனியாக உட்காரத் தொடங்கினார்.

அப்படியாக, ஒரு புதன்கிழமை காலை, படகுக்கார அக்கா பட்டறை மேசையின்மேல் கருகிய பல்புகளை ஒரு பை நிறையக் கொட்டினார்.

"எண்ணிக்கோ தம்பி. இருபத்தாறு."

"ரெகுலேட்டர்..."

"அந்தப் பேரை எடுக்காதே. நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் படகு ஆய்வாளர் வர்றாரு. விளக்கு எல்லாம் எரியணும், தண்ணி இறைக்கிற பம்ப் ஓடணும், இன்ஜின் ஓடறப்ப ஒரு மணி நேரம் அவர் முன்னாடி எதுவும் போகக் கூடாது. போச்சுன்னா பயணிகளை ஏத்துற அனுமதியை நிறுத்திடுவாரு. அனுமதி நின்னா நான் காலைல படகு ஓட்டுற நேரத்தை வாங்கறதுக்கு ரெண்டு பேரு வாயைப் பொளந்துட்டு நிக்கிறாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது. புரியுதா?"

"புரியுதுக்கா. அதனாலதான் சொல்றேன், இந்த முறை வேற கம்பெனி ரெகுலேட்டரா..."

"தம்பி!"

"...மாத்திடலாம்."

சொல்லிவிட்டார். சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. தும்மலை எவ்வளவு நேரம் அடக்குவது? நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற உதிரிபாகக் கடைக்குப் போய் வர மதியம் ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார். "பெயின்டும் தீர்ந்துபோச்சு" என்று தெருமுனையிலிருந்து குரல் வந்தது.

பட்டறையில் இரண்டு பெண்கள் மிஞ்சினார்கள். ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்றார். இன்னொருத்தி ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தில் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் பாப்பா, நீ இதைத்தானே படிச்சே?"

தங்கைக்குக் காது சூடாகிவிட்டது. இதைத்தான் படித்தாள். ஆல்டர்னேட்டர் என்று ஒரு பாடமே உண்டு, பதினாறு மதிப்பெண் கேள்வி, படம் வரைந்து பாகங்களைக் குறித்து நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஆனால் ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் மீட்டர் முனையைக் கொண்டுபோனதில்லை. படித்தவள் தொட்டு, அது புகைந்துவிட்டால்? "நாலு வருஷம் படிச்சு என்னத்தைக் கிழிச்சே?" என்று துறை முழுக்கக் கேட்குமே? தொடாவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தொடாமலே இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அண்ணனின் மீட்டரும் அப்படித்தான், ஒரு நாளும் தப்பாகக் காட்டியதில்லை.

"படிச்சேன்க்கா. ஆனா..."

"ஆனாவை அப்புறம் சொல்லு. என் படகு முதல்ல."

அவள் எழுந்தாள். முதலில் மரப்பெட்டியைக் கவிழ்த்தாள். ஆரஞ்சுத் தடம் ஒட்டிய ரெகுலேட்டர்களில் இந்தப் படகிலிருந்து கழற்றியவை இரண்டு. அசலாக இருந்த முதலாவதும் அதே குவியலில் அடையாளத்தோடு கிடந்தது. பட்டறையில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி ஒன்று உண்டு. அதன்மேல் இத்தனை நாளும் டீ டம்ளர்கள்தான் குடியிருந்தன. டம்ளர்களைக் காலி செய்யவைத்தாள். ரெகுலேட்டர் ஒன்றை அதில் மாட்டி, அது கட்டளையிட வேண்டிய ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக ஒரு பல்பைக் கொடுத்தாள். பன்னிரண்டு வோல்ட். பல்பு எரிந்தது. மெல்லத் திருகினாள். பதின்மூன்று. எரிந்தது. பதினாலு. எரிந்தது. பதினாலு புள்ளி இரண்டில் பல்பு அணைந்தது.

"ஐயையோ, போச்சா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. 'போதும்'னு சொல்லுது. சரியாச் சொல்லுது."

இரண்டாவது. அதே இடத்தில் "போதும்". முதன்முதல் தூக்கிலிடப்பட்ட அசல் ரெகுலேட்டர் மட்டும் எதுவுமே சொல்லவில்லை, பதினாறு வரை பல்பு எரிந்துகொண்டே இருந்தது. ஆக அண்ணனின் முதல் தீர்ப்பு சரி. குருட்டாம்போக்கில் சரி. இந்தச் சரிதான் இந்த இனத்துக்குப் பெரிய ஆபத்து. ஒரு முறை பலித்துவிட்டால் ஜோசியரை யார் நிறுத்த முடியும்?

அப்படியானால் பின்னால் வந்த மாற்றங்களெல்லாம் எதற்கு? நல்ல ரெகுலேட்டரை வைத்தும் ஏன் பல்பு வெடித்தது? படிப்பில் இதற்கு விடை இருந்ததா என்று தங்கை யோசித்தாள். பதினாறு மதிப்பெண் விடையில் ரெகுலேட்டர் எப்போதும் நல்ல இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். படத்தில் பெயின்ட் கிடையாது.

கல்லூரிக் காலத்து மஞ்சள் மீட்டரைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு படகில் ஏறினாள். மூடியைத் திறந்தாள். தட்டவில்லை. அக்கா இன்ஜினைக் கிளப்பி வேகத்தைக் கூட்டினார். தங்கை மீட்டரின் கறுப்பு, சிவப்பு முனைகளைப் பிரித்தெடுத்தாள். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தாள். பதினாறு புள்ளி நாலு.

"அதிகமா?"

"ரொம்ப அதிகம்க்கா. இதுதான் பல்பைக் கொல்லுது."

"அப்ப உள்ள உட்கார்ந்திருக்கிறவன் தூங்குறானா?"

நல்ல கேள்வி. தங்கை கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸில் அழுத்திக்கொண்டு, சிவப்பு முனையை ரெகுலேட்டரின் உடம்பில் வைத்தாள். இரண்டுமே எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற வழி. தாங்கி வழியாக, இன்ஜின் வழியாக, இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். நடுவே ஒன்றும் இருக்கக் கூடாது, பூஜ்ஜியம் காட்ட வேண்டும்.

இரண்டு புள்ளி இரண்டு.

அவள் மீட்டரைப் பார்த்தாள். ரெகுலேட்டரைப் பார்த்தாள். அதன் காலடியில் மூன்று அடுக்காக மின்னிக்கொண்டிருந்த ஆரஞ்சைப் பார்த்தாள். பிறகு படகுக்குள்ளேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்ன பாப்பா? பயமா இருக்கு, சொல்லிட்டுச் சிரி!"

"அக்கா, ஒருத்தரை ஸ்டூல்மேல ஏத்தி நிக்க வச்சு, கூரை எவ்வளவு உயரம்னு கேட்டா என்ன சொல்வாரு?"

"கம்மியாச் சொல்வான்."

"அவர் பொய் சொல்றாரா?"

"இல்லையே. அவன் நிக்கிற இடத்துலருந்து அதுதானே உயரம்."

"அதுதான். நிஜத்துல பதினாறு புள்ளி நாலு. இவரு ரெண்டு புள்ளி ரெண்டு உயரத்துல நின்னு பாக்குறாரு. அவரு கணக்குல பதினாலு புள்ளி ரெண்டுதான். அதான் சும்மா இருக்காரு. ரெகுலேட்டரோட எர்த் அதோட உடம்பு வழியாத்தான் போகணும். போல்ட் புதுசா முடுக்கினப்ப பெயின்டைக் கொஞ்சம் கடிச்சுக்கிட்டு எப்படியோ தொட்டிருக்கு. ஆட்டத்துல தளர்ந்து, ஈரக் காத்து பட்டு, பத்துப் பன்னிரண்டு நாள்ல விட்டுப்போச்சு."

"அந்த ஸ்டூலைப் போட்டது யாரு?"

தங்கை மீட்டர் முனையால் தாங்கியைத் தொட்டுக் காட்டினாள். ஆரஞ்சு பதில் சொன்னது.

அக்காவுக்கு அது புரிய மூன்று விநாடி ஆயிற்று. நாலாவது விநாடியில் அவர் போட்ட கூச்சலில் துறையிலிருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின.

இன்ஜினை நிறுத்தி, ரெகுலேட்டரைக் கழற்றி, தாங்கியில் போல்ட் உட்காருகிற இடங்களைத் தங்கை கத்தியால் சுரண்டினாள். முதல் பூச்சு வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது, கடைசியில் வெள்ளையாக இரும்பு சிரித்தது. மறுபடி முடுக்கி, துரு பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவி, இன்ஜினைக் கிளப்பினார்கள். ரெகுலேட்டரின் உடம்பில் பூஜ்ஜியம். பேட்டரியில் பதினாலு புள்ளி இரண்டு. வேகத்தைக் கூட்டினார்கள், பதினாலு புள்ளி இரண்டு. புது பல்புகளைப் போட்டு எல்லாவற்றையும் எரியவிட்டார்கள். எந்த விளக்கும் உற்சாகப்படவில்லை. எல்லாம் அடக்க ஒடுக்கமாக எரிந்தன.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் மாத்திடலாம்காரரை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். மதியம் இரண்டரைக்கு அண்ணன் திரும்பி வந்தார். ஒரு கையில் நாலாவது ரெகுலேட்டர், இன்னொரு கையில் புது ஆரஞ்சு டப்பா, காதில் பிரஷ். படகுக்கார அக்கா இன்ஜின் மூடியின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருங்கக்கா, மாத்தணும்."

"எதை?"

"ரெகுலேட்டரைத்தான்."

"அது நல்லா இருக்காம்."

"யாரு சொன்னது?"

"அதுவே சொல்லுச்சு. பல்பு வச்சுக் கேட்டோம்."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதிர்ச்சி கொஞ்சம், அவமானம் கொஞ்சம், 'நீயுமா?' என்பது நிறைய.

"அண்ணா, எர்த்துதான் கோளாறு. இப்ப பதினாலு புள்ளி ரெண்டு காட்டுது. நீயே வச்சுப் பாரு."

"மீட்டரெல்லாம் பொய் சொல்லும்மா. நான் எத்தனை வருஷமா பாக்குறேன்."

"அப்ப உன் இடுப்புல இருக்கிறது?"

"அது..." அண்ணன் உறையைத் தட்டினார், பழக்கம். "அது ஒரு மரியாதைக்கு."

"நாளைக்கு ஆய்வு தம்பி. நீ கைவைக்காம இருந்தா போதும்."

"அதுக்காகத்தான்க்கா சொல்றேன். பழசை வச்சுக்கிட்டு எப்படி ஆய்வுக்குப் போறது? புதுசு வாங்கியாச்சு, மாத்திட்டா மனசுக்கு ஒரு நிம்மதி."

"யாரு மனசுக்கு?"

இது கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. அண்ணன் டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு எட்டிப் பார்த்து, அக்காவின் முட்டிக்குப் பின்னால் தெரிந்த இடுக்கு வழியாகச் சுரண்டப்பட்ட தாங்கியைக் கண்டுபிடித்தார். ஒரு தாய் தன் பிள்ளையின் தலையை யாரோ மொட்டையடித்துவிட்டதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"யாரு சுரண்டினது இதை? துரு பிடிச்சுடாது?"

"கிரீஸ் போட்டிருக்கேன்ணா."

"பாக்கவே அசிங்கமா இருக்கு. ஒரே ஒரு கோட்டு அடிச்சுடறேன், நகருங்கக்கா."

"மாட்டேன்."

"லேசா..."

"பிரஷ்ஷைக் கீழ வை."

"ஓரத்துல மட்டும்..."

"தம்பி, நான் நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் இந்த மூடி மேலதான் உட்கார்ந்திருப்பேன். ஆய்வாளர் வந்து என்னைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சாதான் எழுந்திருப்பேன்."

அன்று மாலை வரை அவர் எழுந்திருக்கவில்லை. தங்கை சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணன் காதில் பிரஷ்ஷோடு, படகுத்துறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும்போதும் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அக்கா கையோடு கொண்டுபோய்விட்டார்.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், எதிலும் சிரிக்காத முகம். வழக்கமான பயணிகள் சிலரும் ஆதரவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முகப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தது, பச்சை எரிந்தது. பம்ப் ஓடியது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். படகுக்கார அக்கா மூச்சை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. தங்கை மீட்டரைக் கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பதினாலு புள்ளி இரண்டு, பதினாலு புள்ளி இரண்டு, அந்த எண்ணை அவள் வாழ்க்கையில் இவ்வளவு நேசித்ததில்லை. ஐம்பதாவது நிமிஷத்தில் ஆய்வாளர் மூக்கை உயர்த்தினார்.

"இந்தப் படகுல ஏதோ நாத்தம்னு ஒரு புகார் வந்திருக்கே?"

"நான் இல்லை சார்!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

கணக்கர். பாவம், எழுந்தே நின்றுவிட்டார். ஆய்வாளர் அவரைப் பார்த்தார், சுற்றி மோந்து பார்த்தார், ஒன்றும் இல்லை. அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் உதட்டோரத்தில் தெரிந்தது சிரிப்புதான் என்று தங்கை இன்றுவரை சாதிக்கிறாள். அன்று ஆசிரியை தானே எழுந்துபோய்க் கணக்கரை முன்வரிசைக்கு அழைத்துவந்தார். எல்லோர் சார்பிலும் "மன்னிச்சுக்குங்க சார், பேட்டரியாம்" என்றார். கணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன்? அண்ணன் மாறிவிட்டாரா என்று கேட்கிறீர்களா? அடுத்த வாரமே டீக்கடையில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "எர்த்துலதான் கோளாறுன்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். தங்கச்சியை விட்டுச் சுரண்டச் சொன்னேன். படிச்ச புள்ள, கையில அழுக்குப் படட்டும்னு." தங்கை பக்கத்து மேசையில் இருந்தாள். டீயைக் குடித்து முடித்தாள். பட்டறைக்குத் திரும்பி மரப்பெட்டி முழுவதையும் சோதித்தாள். பத்தொன்பதில் பதினாறு நிரபராதிகள். சீட்டு ஒட்டி அலமாரியில் வரிசையாக அடுக்கினாள். அண்ணன் அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு, "அலமாரி பழசாயிடுச்சு" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது, நல்ல எண்ணம் அல்ல. இரண்டு வருஷத்தில் மூன்று வேலை. முதல் இடத்தில் மேலாளர் சரியில்லை. இரண்டாவதில் கூட வேலை பார்த்தவர்கள் சரியில்லை. மூன்றாவதில் ஊரே சரியில்லை. ஒவ்வொரு முறையும் புது வேலை, புதுச் சட்டை, கொஞ்ச நாள் நன்றாக ஓடும், பிறகு 'டப்'. அந்த மூன்று இடங்களிலும் தன் காலடியில் என்ன இருந்தது என்று ஒரு நாளாவது பார்த்தாளா? குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று எல்லோருமாகச் சேர்ந்து ஆசை ஆசையாக அவளை ஏற்றி நிறுத்தியிருந்தார்களே, அங்கே நின்றுகொண்டு யாருடைய உயரத்தை அளந்தாள்? சோப்பு நுரை காயும்வரை நின்றாள்.  நாலாவது வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதை ஒரு வாரம் தள்ளிவைத்தாள்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், மகிழ்ச்சி. ஒன்று மட்டும் கேட்கலாமா? நாலாவது பத்திக்குள்ளேயே உங்கள் மனசில் ஒரு முகம் வந்திருக்குமே? மைத்துனரோ, மேலதிகாரியோ, எதிர்வீட்டுக்காரரோ. "இது அப்படியே அந்த ஆள்தான்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள் அல்லவா? எதை வைத்துச் சோதித்தீர்கள்?

போகட்டும். நீங்களாவது மனசுக்குள் தீர்ப்புச் சொன்னதோடு விட்டீர்கள். அண்ணனுக்கு ஒரு பாக்கி இருக்கிறது. பல்புக்கும் ரெகுலேட்டருக்கும் அக்கா எதுவும் திருப்பிக் கேட்கவில்லை. "எனக்கு ஒரே ஒரு வார்த்தை வேணும். 'என் தப்புதான்க்கா'ன்னு சொல்லட்டும். அத்தோட விட்டேன்" என்றார். அதுவும் அந்தப் பயணிகள் எல்லோரும் கேட்கிற மாதிரி. ஆகவே தினமும் காலை ஏழு நாற்பதுக்கு, நிறைந்த படகு துறையைத் தாண்டும்போது பட்டறைக்கு நேராக வந்து வேகத்தைக் குறைத்து, அரை நிமிஷம் சும்மா நிற்கிறது. ஆசிரியை, கணக்கர், கைக்குழந்தைக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பி அமைதியாகப் பார்க்கிறார்கள். படகு அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தேவிடுகிறது. அண்ணன் மேசைக்கு அடியில் குனிந்து, கீழே விழாத ஸ்பேனர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

எட்டு மாதம் ஆகிறது. இன்னும் கிடைக்கவில்லை.